வௌவால் வீரன் மாத்திரையை எப்போது சாப்பிடுவான்?

“வீடு எங்கே?”

“தம்போய்.”

இந்தப் பதிலுக்கு ஜொகூரில் ஒரு சிரிப்பு நிச்சயம். கேட்டவர் நல்லவராக இருந்தால் சிரிப்பை அடக்கிக்கொள்வார். முதலாம் படிவத்தில் என்னோடு படித்தவர்கள் அவ்வளவு நல்லவர்கள் அல்லர். “கேட்டைப் பூட்டாம விட்டுட்டாங்களா?” என்று ஒருவன் தமிழில் கேட்டான். அதையே இன்னொருத்தி மலாயில் கேட்டாள். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்கு மாறிய முதல் வாரத்தில், இரண்டு மொழியிலும் எனக்கு முழுமையாகப் புரிந்த முதல் நகைச்சுவை அதுதான்.

வேறு மாநில வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் இருக்கும் தம்போயில் ஒரு மனநல மருத்துவமனை உண்டு. 1930-களிலிருந்தே அது அங்கே இருக்கிறது. அதனால் தென் மாநிலத்தில் ‘தம்போய்’ என்பது ஊர்ப் பெயர் மட்டுமல்ல, ஒரு வசையும்கூட. பேராக் பக்கம் இதே கேலியைத் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று சொல்வார்கள். சென்னையில் எடுக்கும் படங்களில் ‘கீழ்ப்பாக்கம்’. இலங்கைத் தமிழர்களிடம் கேட்டால் ‘அங்கொடை’ என்பார்கள். மூன்று நாட்டுத் தமிழர்களும் சொல்லிவைத்தாற்போல ஒரே நகைச்சுவையைச் செய்து வருகிறோம். ஊர்ப் பெயரை மட்டும்தான் மாற்றுகிறோம்.

அந்த வயதில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் கெலுவாங் மேன். அவனும் தம்போய்க்காரன்.

கெலுவாங் மேன் 1998-ஆம் ஆண்டு ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் வந்த மலாய்க் கார்ட்டூன் தொடர். உருவாக்கியவர் காம்ன் இஸ்மாயில். தொண்ணூறுகளில் பள்ளி மாணவராக இருந்த என் அப்பாவுக்கு அதன் தொடக்கப் பாட்டு இன்றும் மனப்பாடம். நான் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, கைப்பேசித் திரையில், மங்கலான காணொளிகளாக. கதை எளிமையானது. தம்போய் மனநல மருத்துவமனையில் போர்ஹான் என்றொரு நோயாளி. பகலில் மற்ற நோயாளிகளோடு இருப்பான். இரவில் முகமூடி மாட்டிக்கொண்டு வெளியே போய்த் திருடர்களைப் பிடிப்பான், பிறகு மருத்துவமனைக்கே திரும்பிவிடுவான். துணைக்குத் தியோங் மேன். தியோங் என்றால் நம் மைனா. பேட்மேனுக்கு ராபின் என்ற குருவி இருந்தால் நமக்கு மைனா இருக்கக் கூடாதா?

இந்தக் கதை 2025-இல் அன்வாரி அஷ்ராப் இயக்கத்தில், நாஸ் முவாமார் ஸார் நடிக்க, நடிகர்களை வைத்து எடுத்த படமாகத் திரையரங்குக்கு வந்தது. படம் எப்படி இருந்தது என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். படம் வந்த நாட்களில் எங்கள் விடுதியில் நடந்த ஒரு வாக்குவாதம்தான் என்னை இதை எழுத வைத்தது. “பேட்மேனைக் காப்பியடிச்ச கார்ட்டூன், அதைக் காப்பியடிச்ச ஒரு படம். இதுக்கு எதுக்கு இவ்வளவு கொண்டாட்டம்? சொந்தமா ஒண்ணு செய்யத் தெரியாதா நமக்கு?” என்றாள் என் அறைத்தோழி. நம் பெரியவர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பகடி என்றால் சோம்பேறிகளின் கலை, இன்னொருவர் உழைப்பில் குளிர்காய்வது என்று.

நான் அப்படி நினைக்கவில்லை. பேட்மேனையும் கெலுவாங் மேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பேட்மேன் 1939-இல் அமெரிக்காவில் பிறந்தவன். பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கினார்கள். அவன் பெரும் கோடீஸ்வரன். மாளிகை, வேலைக்காரர், விலையுயர்ந்த கார் எல்லாம் அவனுக்கு உண்டு. அவன் பிடிக்கும் வில்லன்கள் எங்கே போகிறார்கள்? 1974-இலிருந்து அந்தக் கதைகளில் ஆர்க்கம் என்ற மனநலக் காப்பகம் வருகிறது. ஜோக்கர் போன்றவர்களை அங்கேதான் அடைக்கிறார்கள். அவர்களும் அங்கிருந்துதான் தப்பி வருகிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் பிள்ளைகள் இந்தக் கதைகளைப் படித்துக் கற்றுக்கொண்டது என்ன? மனநோயாளி ஆபத்தானவன், பணக்காரன் காப்பாற்றுவான் என்பதைத்தான்.

கெலுவாங் மேன் செய்த ‘காப்பி’ இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அது முகமூடியை எடுத்துக்கொண்டது, மாளிகையை எடுத்துக்கொள்ளவில்லை. காப்பகத்தை வில்லனிடமிருந்து பிடுங்கி வீரனிடம் கொடுத்தது. ஊருக்கெல்லாம் காவல் நிற்பவன் ஊர் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் படுத்துத் தூங்குகிறான். இதைச் செய்தவர்கள் இவ்வளவு யோசித்துத்தான் செய்தார்களா, அல்லது சிரிக்க வைக்க வேண்டும் என்று செய்தது இப்படி அமைந்ததா, அது எனக்கு முக்கியமில்லை. கோதாம் நகரத்துக் கதையில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வியை ஜொகூர் பாருவின் ஒரு கார்ட்டூன் கேட்டுவிட்டது.

பெயரையும் கவனியுங்கள். கெலுவாங் என்பது பழம் தின்னும் பெரிய வௌவால். எங்கள் மாநிலத்தின் குளுவாங் நகரத்துக்கே அந்தப் பெயரைக் கொடுத்த உயிரினம். டுரியான் மரங்கள் இரவில் பூப்பவை. அந்தப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதில் பழவௌவால்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பேட்மேனின் வௌவால் பயமுறுத்துவதற்காகப் பிறந்தது. நம் வௌவால் இல்லையென்றால் டுரியான் காலத்தில் சாலையோரக் கடைகள் காலியாக இருக்கும். எது பெரிய வீரம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பகடியிலிருந்து நல்ல படைப்பு பிறப்பது புதிதும் அல்ல. 1953-இல் அமெரிக்காவின் ‘மேட்’ இதழில் ஹார்வி கர்ட்ஸ்மனும் வாலி வுட்டும் சூப்பர்மேனைக் கேலி செய்து சில பக்கங்கள் வரைந்தார்கள். அதைச் சிறுவயதில் படித்த ஆலன் மூர் பின்னாளில் எழுதிய ‘வாட்ச்மென்’ இன்று பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இருக்கிறது. 1984-இல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் வேறொரு சூப்பர் ஹீரோவைக் கிண்டல் செய்யத் தாங்களே சில ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார்கள். அந்தக் கிண்டல்தான் நிஞ்சா ஆமைகள். நம் தம்பி தங்கைகளின் பள்ளிப் பைகளில் இருக்கும் அந்த ஆமைகள் ஒரு நையாண்டியில் பிறந்தவை என்பது பைகளை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்குத் தெரியாது.

எனக்கு இவற்றைவிட நெருக்கமானது இந்தியாவின் மாலேகான். மகாராஷ்டிராவில் விசைத்தறிகள் நிறைந்த ஊர் அது. அங்கே நாசிர் ஷேக் என்பவர் நண்பர்களை வைத்துப் பிரபலப் படங்களைப் பகடி செய்து உள்ளூருக்கென்றே படம் எடுத்து வந்தார். ஒருமுறை அவர் கை வைத்தது சூப்பர்மேன் மீது. நடித்தவர் ஷபீக், ஒல்லியான விசைத்தறித் தொழிலாளி. மாலேகான் சூப்பர்மேனுக்கு எதிரி வேற்றுக்கிரகவாசி அல்ல; ஊரையே அரித்துக்கொண்டிருந்த புகையிலைப் பழக்கம். அந்தப் படம் உருவான கதையை ஃபைசா அகமது கான் 2008-இல் ஆவணப்படமாக எடுத்தார். ஷபீக் பிறகு வாய்ப் புற்றுநோயால் இறந்துபோனார். அவருடைய சூப்பர்மேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான் இதைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடியும் பார்த்தேன். அப்போதும் சிரித்தேன். சிரிப்பு வேறு மாதிரி வந்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “இதெல்லாம் திருட்டு” என்று சொல்பவர்கள் நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அதன் 13-ஆவது பிரிவு, பகடிக்கும் கேலிச்சித்திரத்துக்கும் பெயர் சொல்லியே இடம் கொடுக்கிறது. இந்தியச் சட்டத்தில்கூட இப்படி வெளிப்படையாக இல்லை. அதற்காக பேட்மேன் படத்தை அப்படியே சட்டையில் அச்சிட்டு பசார் மாலாமில் விற்றுவிட்டுப் பகடி என்று சொல்ல முடியாது. படித்துக்கொண்டே ஸ்டிக்கர் விற்கும் நண்பர்கள் அந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை படித்தவர்கள் நான் பகடியின் வழக்கறிஞர் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன ஆண்டு வரை.

போன ஆண்டு எங்கள் பல்கலைக்கழக இந்திய மாணவர்களின் கலை இரவுக்கு ஒரு பத்து நிமிட நாடகம் தேவைப்பட்டது. நான் எழுதினேன். பெயர் ‘தம்போய் மேன்’. நான் தம்போய்க்காரி, இதைச் செய்ய எனக்கு உரிமை இருக்கிறது என்ற தைரியம். நாயகன் மருத்துவமனைப் பைஜாமாவில் வருவான். தலையைச் சொறிவான், தனக்குத்தானே பேசுவான், திருடனை விட்டுவிட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கைது செய்வான். தாதியர் ஊசியோடு துரத்துவார்கள். மண்டபம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒரு மாணவருக்கு விக்கலே வந்துவிட்டது. அன்று இரவு நான் தூங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

அப்பா அந்தக் காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார், அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் மருந்து வாங்கி வருகிறார். சிறுவயதில் அவரோடு நானும் போயிருக்கிறேன். பெரிய மரங்கள் இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் அத்தை எனக்கு மைலோ வாங்கிக் கொடுப்பார். எந்த மருத்துவமனை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தம்போயில் குடியிருந்துகொண்டு பதினாறு வயது வரை எனக்கு அது தெரியாது என்றால், எங்கள் குடும்பம் எவ்வளவு கவனமாக மறைத்திருக்கிறது என்று பாருங்கள். தீபாவளிக்கு வரும் உறவினர்களிடம் “நரம்புக் கோளாறு” என்போம். சிலரிடம் “பிரஷர்”.

வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபப்படுவார், அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்.

“ஏம்மா, உன் நாடகத்துல வர்ற பையன் ராத்திரி மாத்திரையை எப்போ சாப்பிடுவான்?”

எனக்குப் புரியவில்லை.

“ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுப்பாங்க. அதைப் போட்டா பத்து மணிக்கெல்லாம் கண்ணைக் கட்டும். அவன் எப்படி வெளிய போய் திருடன் பிடிப்பான்? போடலைன்னா ரெண்டு நாள்ல ஒடம்பு கெட்டுப்போகும். நீ யோசிக்கவே இல்லையே.”

குறை சொல்லும் குரல் இல்லை. கதையில் ஓட்டை இருப்பதைச் சொல்லும் வாசகரின் குரல். சொல்லிவிட்டுக் கீரையை அலசப் போய்விட்டார்.

நான் யோசிக்கவே இல்லை, உண்மைதான். என் நாடகத்தில் இருந்தவன் நோயாளி அல்லன். நோயாளி என்று எல்லாரும் கற்பனை செய்து வைத்திருக்கும் பொம்மை. முதலாம் படிவத்தில் என்னைக் கேலி செய்தவர்களின் நகைச்சுவையைத்தான் நான் மைக் வைத்துச் சொல்லியிருந்தேன். ஊரின் பெயர் என் அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான் வேறுபாடு. கெலுவாங் மேன் தலைகீழாகத் திருப்பி வைத்ததை நான் மறுபடியும் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

அதே கலை இரவுக்கு வந்திருந்த ஒரு ஜூனியர் மாணவி, சில வாரங்கள் கழித்து வேறொரு பேச்சின் நடுவே, பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்க எடுத்திருந்த நேரத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னாள். “போனா தம்போய்னு பேர் வெச்சிடுவாங்க அக்கா.” என் நாடகத்தைக் குறித்துத்தான் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் அவளோடு ஆலோசனைப் பிரிவின் வாசல் வரை நான் நடந்து போனேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

இதற்குப் பிறகுதான் நான் பார்த்த படங்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். 2021-இல் வந்த மலையாளப் படம் ‘மின்னல் முரளி’ நம் மாணவர்கள் பலரும் பார்த்ததுதான். தையல்காரன் ஒருவன் சூப்பர் ஹீரோ ஆகிறான். வேட்டியும் வெடிச்சத்தமுமாக ஒரே கொண்டாட்டம். அதே மின்னல் இன்னொருவனையும் தாக்குகிறது: தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபு, ஊர் பைத்தியம் என்று ஒதுக்கியவன். நம் குரு சோமசுந்தரம் அந்தப் பாத்திரத்தில் அழவைத்துவிடுவார். ஆனால் கடைசியில் அவன்தான் வில்லன். இயக்குநர் பேசில் ஜோசப் அவன் மீது காட்டும் கனிவு உண்மையானது. அதையும் மீறி, ஆர்க்கம் காப்பகத்தின் பழைய கணக்கு அங்கேயும் தப்பவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. படத்தை விரும்பும் நண்பர்கள் இதற்காக என்னோடு சண்டை போடலாம். வாருங்கள், மாமாக் கடையில் பேசிக்கொள்வோம்.

2023-இல் வந்த ‘மாவீரன்’ வேறு பாதையில் போகிறது. மடோன் அஸ்வின் இயக்கிய அந்தப் படத்தில் சிவகார்த்திகேயன் ஒரு பயந்தாங்கொள்ளிச் சித்திரக்கதை ஓவியர். அவர் வரையும் வீரனின் கதைபோலவே ஒரு குரல் அவர் காதில் மட்டும் கேட்கத் தொடங்குகிறது, ‘நீதான் வீரன்’ என்று துரத்துகிறது. குரல் கேட்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் வெறும் நகைச்சுவை அல்ல. அவர் மேலே பார்த்துப் பார்த்துத் திகைக்கும்போது திரையரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அந்த மனிதனின் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தது, எதிரில் நின்று வரவில்லை. எனக்கு அத்தையோடு சேர்ந்து பார்க்க முடிந்த படம் அது. அத்தைக்குப் பிடித்திருந்தது. “குரல் நல்ல தமிழ்ல பேசுது” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே, பகடி வேண்டாம் என்று சொல்ல நான் இன்னும் தயாராக இல்லை. “மனநோயைப் பற்றிச் சிரிக்கவே கூடாது” என்று என் ஆலோசனைத் துறைத் தோழி ஒருத்தி சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அது அத்தையைப் பேச்சிலிருந்து வெளியே நிறுத்திவிடும். அத்தைக்குச் சிரிக்கப் பிடிக்கும். மாத்திரையைப் பற்றி அவர் சொல்லும் கதைகளைவிட வேடிக்கையாக நான் எதையும் எழுதியதில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதுதான் அவருக்குப் பிடிக்காது. ‘நரம்புக் கோளாறு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் போகும் போக்கை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

மலாய் நண்பர்கள் இந்த விளையாட்டை நம்மைவிட நன்றாக விளையாடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெலுவாங் மேனுக்குப் பிறகு 2006-இல் ‘சிச்சாக்மேன்’ வந்தது. ஸ்பைடர்மேனுக்குச் சிலந்தி என்றால் இங்கே சுவரில் ஓடும் பல்லி. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை. பல்லி நம் பொருள் அல்லவா! பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்குத் தனிப் பக்கமே வைத்திருப்பவர்கள் நாம். உண்மை பேசினால் உச்சுக்கொட்டும் ஒரு பல்லி வீரனை ஏன் நம்மில் யாரும் எழுதவில்லை? மலேசியத் தமிழ் மாணவர்களான நாம் மீம் போடுவதில் மன்னர்கள். பேட்மேனுக்குத் தோட்டத்துத் தமிழில் குரல் கொடுத்து முப்பது விநாடிக் காணொளி போடுகிறோம், ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அந்த முப்பது விநாடிக்கு அப்பால் அந்தப் பாத்திரம் எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிடுகிறது, வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று யோசிப்பதில்லை. அங்கேதான் கதை தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

இந்த ஆண்டு கலை இரவுக்கு ‘தம்போய் மேன்’ இரண்டாம் பாகம் எழுதுகிறேன். இப்போது நாடகம் முழுக்க ஒரே சிக்கல்தான்: ஒன்பது மணி மாத்திரை. திருடர்கள் எல்லாரும் பத்தரைக்குமேல்தான் வருகிறார்கள். நாயகன் தாதியிடம் மாத்திரை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மனு எழுதுகிறான். மருத்துவர், மாத்திரையை நிறுத்தாமல் எப்படிச் சமாளிப்பது என்று அவனோடு உட்கார்ந்து அட்டவணை போடுகிறார். தியோங் மேன் அவனை எழுப்ப மூன்று அலாரம் வைக்கிறான். கடைசியில் ஊர்த் திருடனே சலித்துப்போய், “அண்ணே, நான் வேணும்னா சாயங்காலம் வரட்டுமா?” என்று கேட்கிறான். ஒத்திகையில் நண்பர்கள் முதல் பாகத்தைவிட அதிகமாகச் சிரித்தார்கள். பைஜாமா அப்படியே இருக்கிறது. தலையைச் சொறிவது இல்லை.

வரைவை அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வைத்துப் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது மூன்றாம் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு இருந்தது.

“அவன் இடுப்புப் பட்டையில ஒரு தண்ணி பாட்டில் வைம்மா. அந்த மாத்திரைக்கு வாய் ரொம்ப வறளும்.”

வைத்துவிட்டேன்.